எது ஒரு குறி? எகிப்தியச் சித்திர எழுத்தும் கணினிக் குறியேற்றமும்

பண்டைய எகிப்தியச் சித்திர எழுத்தில் இரண்டு சிறு பறவைகள் உண்டு. உடல், அலகு, கால், நிற்கும் வாகு எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்றின் வால் பிளந்திருக்கும், அது தகைவிலான். மற்றதன் வால் நுனி உருண்டிருக்கும்; அது சிட்டுக்குருவி. தகைவிலானைக் கொண்டு ‘பெரிய’ என்ற சொல்லை எழுதினார்கள். சிட்டுக்குருவியோ சிறியது, கெட்டது போன்ற பொருளுடைய சொற்களின் கடைசியில் வந்து நிற்கும். கல்தச்சனின் உளி வால் நுனியில் கொஞ்சம் வழுக்கினால் போதும், பெரியது கெட்டதாகிவிடும்.

அதே எழுத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண் உருவம் ஒன்று எண்ணற்ற கல்வெட்டுகளில் வருகிறது. முடி நீண்டிருக்கும், குறைந்திருக்கும். கை சற்று உயர்ந்திருக்கும், தாழ்ந்திருக்கும். உடையும் காலத்துக்குக் காலம் மாறும். படித்தவர்கள் அவற்றை ஒரே எழுத்தாகத்தான் படித்தார்கள். ஆக, ஓரிடத்தில் வால் நுனி பொருளையே புரட்டுகிறது. இன்னோரிடத்தில் ஆடையே மாறினாலும் ஒன்றும் ஆவதில்லை.

இந்த எழுத்தைக் கணினிக்குள் கொண்டுவர முனைந்த எவரும் முதலில் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி இதிலிருந்து பிறக்கிறது. எது ஒரு குறி? இரண்டு வடிவங்கள் எப்போது ஒரே குறியின் இரு தோற்றங்கள், எப்போது இரு வேறு குறிகள்? கேள்வி கணினியோடு பிறந்ததல்ல. ஈய எழுத்து வார்த்தவர்களும் அச்சுக் கோத்தவர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதற்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் சொன்ன விடைகளின் மேல்தான் இன்றைய குறியேற்றம் நிற்கிறது. அந்த விடைகளையும் அவற்றின் பலம் பலவீனங்களையும் ஒருசேரப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணிக்கை ஏன் பிடிபடுவதில்லை

எழுத்துகளை எண்ணிச் சொல்லிப் பழகிய தமிழ் வாசகருக்கு எகிப்திய எழுத்து முதலில் எரிச்சலூட்டும். நமக்கு 247 என்றால் 247தான். எகிப்தியத்தில் மொத்தக் குறிகள் எத்தனை என்று கேட்டால், எந்தக் காலத்தில், எந்த ஊர்க் கோயிலில், யாருடைய பட்டியலில் என்று மூன்று எதிர்க்கேள்விகள் வரும்.

இந்த எழுத்து மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கியது. தேதி தெரிந்த கடைசிக் கல்வெட்டு தென் எகிப்தின் ஃபிலே கோயிலில் இருக்கிறது, நாள் கி.பி. 394 ஆகஸ்ட் 24. இடைப்பட்ட நெடுங்காலத்தில் செவ்வியல் மொழி எனக் கருதப்படும் நடு எகிப்தியம் கி.மு. 2000ஐ ஒட்டிய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. அப்போது வழக்கத்தில் இருந்தவை எழுநூறு, எண்ணூறு குறிகள். தாலமி மன்னர்களும் பிறகு ரோமப் பேரரசர்களும் ஆண்ட காலத்தில், பேச்சு மொழி வெகுதூரம் மாறிவிட்ட பின், கோயில் பூசாரிகளின் கையில் இது பல ஆயிரமாகப் பெருகியது. எஸ்னா கோயிலில் இரண்டு துதிகள் உண்டு. ஒன்றை ஏறக்குறைய முழுவதும் செம்மறிக் கடாக்களின் உருவங்களாலும் மற்றொன்றை முதலைகளின் உருவங்களாலும் எழுதிவைத்திருக்கிறார்கள். அது எழுத்தா, எழுத்தைக் கொண்டு ஆடிய விளையாட்டா என்று கேட்கலாம். எகிப்தியருக்கு இரண்டும் வேறல்ல என்றே தோன்றுகிறது.

பெருக்கத்துக்குக் காரணம் எழுத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு குறி மூன்று வேலை செய்யலாம்: ஒலியைத் தரலாம், ஒரு முழுச் சொல்லாக நிற்கலாம், அல்லது ஒலி எதுவும் இல்லாமல் சொல்லின் இறுதியில் நின்று அது எந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டலாம். இந்த மூன்றாவது வகைகாட்டிகள்தான் கட்டுக்கு அடங்காதவை. சொல் எதைப் பேசுகிறதோ அதை மனித உருவத்தின் கையில் கொடுத்துவிட்டால் புதிய குறி தயார். எழுதுபவர் அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சிந்துவெளிக் குறிகளைப் பற்றி அறிந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதாக இருக்காது. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகள். பின்வந்தவர்களில் சிலர் அதைக் குறைத்தார்கள்; அறுநூறுக்கு மேல் கொண்டுபோனவர்களும் உண்டு. எழுத்தே படிக்கப்படாத இடத்தில் இந்த இழுபறி இயல்பு. எகிப்தியத்தை ஷாம்போலியோன் 1822இல் படித்துக்காட்டி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. இருந்தும் எண்ணிக்கை நிலைக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அச்சுப் பெட்டி வகுத்த வரம்பு

முதல் விடையைத் தந்தவர்கள் அறிஞர்கள் என்பதைவிட வார்ப்படக்காரர்கள் என்பதே சரி. பெர்லினில் ஃபெர்டினண்ட் தைன்ஹார்ட், எகிப்தியவியலாளர் ரிச்சர்ட் லெப்சியுஸின் வழிகாட்டலில் ஓர் எழுத்துத் தொகுதியை உருவாக்கினார். அதன் பட்டியல் 1875இல் வந்தது. கெய்ரோவிலிருந்த பிரெஞ்சுக் கீழைத் தொல்லியல் நிறுவனம் தனக்கென்று ஒன்றை வார்த்தது; அதன் பட்டியலை எமீல் ஷசினா 1907இல் வெளியிட்டார். ஷசினா எட்ஃபு, தெந்தெரா கோயில்களின் கல்வெட்டுகளைப் பதிப்பித்தவர். இரண்டும் தாலமி காலத்துக் கோயில்கள். அங்கே குறிகள் மலிந்து கிடந்ததால் கெய்ரோவின் அச்சுப் பெட்டியும் பெருத்தது.

மூன்றாவது பெட்டிதான் காலப்போக்கில் எல்லோரையும் ஆண்டது. ஆலன் கார்டினர் தம் எகிப்திய இலக்கணத்தை 1927இல் வெளியிட்டபோது அதன் பின்னிணைப்பாக ஒரு குறிப்பட்டியலைச் சேர்த்தார். ஆண்கள் ஏ, பெண்கள் பி, பறவைகள் ஜி, செடிகொடிகள் எம், கப்பல்கள் பி என்று பொருள்வகைக்கு ஓர் ஆங்கில எழுத்து; அதற்குள் வரிசை எண். (பெண்களுக்கும் கப்பல்களுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துகள்தாம், தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ‘பி’யாகிவிடுகின்றன.) எந்த வகையிலும் சேராதவற்றுக்குக் கடைசியில் தனி இடம். உட்கார்ந்த ஆண் ஏ1, காடைக் குஞ்சு ஜி43, நீரலை என்35. இன்றும் எகிப்தியவியல் படிக்கும் மாணவர் குறிகளை இந்த எண்களால்தான் அழைக்கிறார்.

கார்டினரின் பட்டியலுக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, அது நடு எகிப்தியம் கற்பவருக்கான பாடநூலின் பட்டியல். எழுத்தின் முழு வரலாற்றையும் அள்ளிவிடும் நோக்கம் அதற்கு இல்லை. இரண்டு, அதன் வடிவங்களை நீனா டேவிஸ், நார்மன் டேவிஸ் இணையர் தீப்ஸ் நகரத்துப் பதினெட்டாம் வம்சக் கல்லறைகளின் ஓவியங்களைப் பார்த்து வரைந்தார்கள். வடிவங்கள் அழகானவை, மறுக்க முடியாது. ஆனால் பிரமிடுக் காலத்து வாசகத்தையும் ரோமர் காலத்து வாசகத்தையும் இந்த எழுத்துருவில் அச்சிட்டபோது இரண்டும் பதினெட்டாம் வம்சத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தன.

இதை உணர்ந்தவர்கள் அன்றே இருந்தார்கள். சவப்பெட்டி வாசகங்களின் பெரும் பதிப்பை அட்ரியான் டி புக் 1935 முதல் ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அவற்றில் எகிப்திய எழுத்து முழுவதும் கையால் எழுதப்பட்டது. அச்சுப் பெட்டியில் இல்லாததைக் கை எழுதிவிடும் அல்லவா? கணினி வந்தபோது இழக்கப்போவது இந்தச் சுதந்திரத்தைத்தான் என்று அப்போது பலருக்குத் தோன்றியிருக்காது.

கையேட்டுக் காலம்

1984இல் எகிப்தியவியலாளர் சிலர் பாரிசில் கூடிக் கணினி பற்றி விவாதிக்கத் தொடங்கினார்கள். அதன் விளைவாக உருவானதுதான் ‘மனுவேல் த கொதாஜ்’, அதாவது குறியேற்றக் கையேடு. 1988இல் வந்த மூன்றாம் பதிப்பு நிலைபெற்றது. கையேட்டின் உத்தி எளிமையானது. எகிப்தியர் குறிகளை மணிமாலைபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத சதுரக் கட்டங்களுக்குள் மேலும் கீழுமாக, பக்கம் பக்கமாக அடுக்கினார்கள். அந்த அடுக்கைச் சாதாரணத் தட்டச்சு விசைகளால் சொல்லிவிடலாம் என்றது கையேடு. இரண்டு குறிகள் ஒன்றன்மேல் ஒன்று என்றால் நடுவே முக்காற்புள்ளி. பக்கத்தில் என்றால் உடுக்குறி. அடுத்த கட்டத்துக்குப் போக ஒரு கோடு. கதிரவனைக் குறிக்கும் ‘ரா’ என்ற சொல்லில் வாயின் கீழே முன்கை, அடுத்துச் சூரிய வட்டம். கையேட்டின்படி அது டி21:டி36-என்5.

எந்தக் கணினியிலும் அடிக்கலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம், ஒரு நெகிழ்வட்டில் ஒரு கல்லறையின் வாசகத்தையே அடக்கலாம். அந்தக் காலத்துக்கு இது பெரிய காரியம். செர்ஜ் ரோமோர்துக் உருவாக்கிய ஜேசெஷ் போன்ற மென்பொருள்கள் இன்றும் இந்த வழியில்தான் நடக்கின்றன.

குறைகளும் அதே எளிமையிலிருந்து வந்தன. சதுரத்துக்குள் ஒரு பறவையின் மார்புக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தில் ஒரு சிறு குறியைச் செருகுவது எகிப்தியருக்குப் பிடித்த வழக்கம். இதைச் சொல்லக் கையேட்டில் தெளிவான வழி இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தெரிந்தபடி ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. விளைவு, வட்டார வழக்குகள். ஒரு மென்பொருளில் எழுதியது மற்றதில் வேறாகத் தெரிந்தது. மார்க்-யான் நெடர்ஹோஃப் 2000களின் தொடக்கத்தில் திருத்திய குறியேற்ற முறை ஒன்றை வகுத்து இந்த இடைவெளிகளை அடைக்கப் பார்த்தார். முறை செம்மையானது, ஆனால் கையேட்டுக்குப் பழகிய கைகள் அதன் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை.

பட்டியல் இன்னொரு திசையில் வளர்ந்தது. 1993இல் ‘ஹைரோகிளிஃபிகா’ என்ற பெயரில் வந்த விரிந்த தொகுப்பு நாலாயிரத்தைத் தாண்டியது. தாலமி காலக் கோயில்களில் வேலை செய்தவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் குறியின் படமும் எண்ணும் இருந்தனவே தவிர, அது எந்தக் கோயிலில், எந்தச் சுவரில், எந்த வரியில் உள்ளது என்ற சான்று கூடவே வரவில்லை. பழைய அச்சுப் பெட்டியில் இருந்ததால் பட்டியலுக்கு வந்தது எது, படியெடுத்தவரின் கைப்பிழையால் பிறந்தது எது, உண்மையில் கல்லில் உள்ளது எது என்று பிரித்தறிவது கடினமாயிற்று. பிற்காலத்து வாதங்கள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒருங்குறி தந்த முதல் விடை

யூனிகோட் எனப்படும் ஒருங்குறிக்குள் எகிப்தியத்தைக் கொண்டுவர மைக்கேல் எவர்சன் 1990களிலேயே முன்வரைவுகள் கொடுத்துவந்தார். பெரிய பட்டியலா, சிறிய பட்டியலா என்பதில் பேச்சு நீண்டது. 2007இல் எவர்சனும் பாப் ரிச்மண்டும் அளித்த முன்வரைவு சிறியதைத் தேர்ந்துகொண்டது. 2009 அக்டோபரில் வந்த 5.2 பதிப்பில் 1,071 குறிகள் இடம்பெற்றன. பெரும்பாலும் இவை கார்டினரின் இலக்கணப் பட்டியலும், அவருடைய எழுத்துருவுக்காக 1928 முதல் அவ்வப்போது வந்த அச்சுப் பட்டியல்களின் சேர்க்கையுமே.

சிறிய தொகுதியை ஆதரித்தவர்களின் வாதம் நடைமுறை சார்ந்தது. ஒருங்குறியில் ஒருமுறை இடம் கொடுத்த உருவைத் திரும்ப எடுக்க முடியாது. பெயரையும் மாற்ற முடியாது. எனவே எல்லோரும் ஒப்புக்கொண்ட, தலைமுறைகளாகப் பாடநூலில் இருக்கும் பட்டியலோடு தொடங்குவது பாதுகாப்பானது. எதிர்வாதமும் வலுவானதே. பாதுகாப்பு என்று சொல்லி உள்ளே வந்தது ஓர் எழுத்துமுறை அல்ல. லண்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் இருந்த ஓர் அச்சுப் பெட்டி. கார்டினர் அச்சுக் கோப்பவரின் வசதிக்காக ஒன்றாகச் சேர்த்து வார்த்த கூட்டு வடிவங்கள்கூடத் தனிக் குறிகளாக உள்ளே வந்துவிட்டன. தனித்தனிக் குறிகளாலும் அவற்றை எழுதலாம் என்பதால் ஒரே வடிவத்துக்கு இரண்டு எழுத்துக்கூட்டல்கள். தமிழில் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒன்றாகவும் இடலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம், இரண்டும் சமம் என்று ஒருங்குறி அறிவித்திருப்பதால் தேடுபொறி குழம்புவதில்லை. எகிப்தியக் கூட்டு வடிவங்களுக்கு அப்படிப்பட்ட சமன்பாடு எதுவும் அறிவிக்கப்படவில்லை.

வரிசைமுறையிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தமிழில் ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் தெரிந்தாலும் நினைவகத்தில் ககரம்தான் முன்னால் இருக்கும். ஒலிப்பு முறை காட்சி முறையை வென்றது. எகிப்தியத்தில் தலைகீழ். தூத்தன்காமுன் பெயரை வாசிக்கும்போது ஆமூன் கடைசியில் வருகிறார்; எழுதும்போதோ கடவுள் என்ற மரியாதையால் நீள்வட்டச் சட்டத்துக்குள் அவர் முதலில் நிற்கிறார். குறியேற்றம் எழுதிய வரிசையையே பின்பற்றுகிறது. வாசிக்கும் வரிசையைப் பின்பற்றினால் ஒவ்வொரு சொல்லையும் படித்துப் பொருள்கொண்ட பிறகுதான் குறியேற்ற முடியும். அதில் கருத்துவேறுபாடுகளுக்கு முடிவே இராது. இந்தத் தேர்வை இதுவரை யாரும் தீவிரமாக எதிர்த்ததாகத் தெரியவில்லை. நியாயமும் அதன் பக்கமே.

அடுக்கா, மாலையா

2009 தொகுதியில் குறிகள் வந்தன, சதுரம் வரவில்லை. பத்து ஆண்டுகள் ஒருங்குறி எகிப்தியம் மணிமாலையாகவே நீண்டு கிடந்தது. அடுக்கும் வேலையை மேல்நிலை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அப்போதைய நிலைப்பாடு. அதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. ஒரே சொல்லைத் தூணில் ஒருவிதமாகவும் சுவரில் ஒருவிதமாகவும் இடத்துக்கு ஏற்றபடி எகிப்தியர் அடுக்கினார்கள். அடுக்கு மாறினால் சொல் மாறுவதில்லை. ஆகவே அது அச்சுக்கலையின் விஷயம், எழுத்தின் விஷயமல்ல என்பது வாதம்.

எதிர்த்தரப்பு வேறொன்று சொன்னது. மாலையாகக் கோத்த எழுத்தை எந்த எகிப்தியரும் தம் எழுத்தென்று ஒப்பியிருக்கமாட்டார். அடுக்கு இல்லாத வாசகத்தை எந்த ஆய்வாளரும் பதிப்பிக்கவும் மாட்டார். பதிப்பிக்க உதவாத குறியேற்றம் யாருக்கு? ஆண்ட்ரூ கிளாஸ், நெடர்ஹோஃப், ரோமோர்துக், ஸ்தெஃபான் போலி முதலியோர் சேர்ந்து முன்வைத்த ஏற்பாடு 2019 மார்ச்சில் 12ஆம் பதிப்பில் நிறைவேறியது. மொத்தம் ஒன்பது கட்டளைக் குறிகள்: மேல்கீழ் இணைப்பு ஒன்று, பக்க இணைப்பு ஒன்று, நான்கு மூலைகளில் செருகுவதற்கு நான்கு, ஒன்றன்மேல் ஒன்று படிய ஒன்று, தொகுப்பின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இரண்டு. கையேடு தட்டச்சு விசைகளால் சொன்னதையும் சொல்லத் தவறியதையும் இவை எழுத்துக்குள்ளேயே சொல்லிவிட்டன. (இதே பதிப்பில்தான் தமிழின் பழைய பின்னங்களும் அளவைக் குறியீடுகளுமாக 51 உருக்கள் ஒருங்குறிக்குள் வந்தன.)

2022இல் வந்த 15ஆம் பதிப்பு இன்னும் ஒருபடி போனது. கண்ணாடிபோல் திருப்பிக் காட்டுவதற்கு ஒரு குறி, பெயர்ச் சட்டங்களைத் திறந்து மூட, சிதைந்த பகுதியை நிழலிட்டுக் காட்ட, அழிந்துபோன குறிக்கு வெற்றிடம் விட எனப் பலவும் சேர்ந்தன. அக்நாதன் மன்னரின் காலத்தில் கோயில் கோயிலாகப் போய் ஆமூனின் பெயரைக் கொத்தியெடுத்தார்கள். அந்தக் கொத்தல் வடுவையும் இப்போது குறியேற்றலாம். எழுதியதை மட்டுமல்ல, அழித்ததையும் எழுத்தாகக் கொள்ளும் நிலைக்கு வந்திருக்கிறோம். இது எழுத்தின் குறியேற்றமா, கல்லின் குறியேற்றமா என்று ஐயுறுவோர் இருக்கிறார்கள். பதிப்பாசிரியருக்கு இது தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் தேடலுக்கு இடையூறு. ஒரே சொல் பத்துவிதமாக அடுக்கப்பட்டால் கணினிக்கு அது பத்து வேறு சரங்கள். கட்டளைக் குறிகளை நீக்கிவிட்டுத் தேடும் பழக்கம் மென்பொருள்களில் வேரூன்றாத வரை, அடுக்கின் செம்மை தேடலைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். எழுத்துருக்கள் எல்லா அடுக்குகளையும் பிழையின்றிக் காட்டுவதும் இன்னும் எளிதாகிவிடவில்லை.

3,995 புதிய குறிகள்

2024 செப்டம்பரில் வெளியான 16ஆம் பதிப்பில் ஒரே மூச்சில் 3,995 எகிப்தியக் குறிகள் சேர்ந்தன. அந்தப் பதிப்பின் புது வரவுகளில் முக்கால் பங்குக்கு மேல் இவைதாம். மிஷேல் சுயிஞாரின் தலைமையில் பல ஆண்டுகள் நடந்த வேலை இது. இங்கேதான் ‘எது ஒரு குறி’ என்ற கேள்வி மறுபடியும் முழு பலத்தோடு எழுந்தது. வாதங்களை மூன்று முகாம்களாகப் பார்க்கலாம். ஒரே ஆய்வாளர் ஒன்றுக்கு மேற்பட்ட முகாம்களில் நிற்பதும் உண்டு.

வடிவமே குறி என்பவர்கள் முதலாவது. கண்ணுக்கு வேறாகத் தெரிந்தால் வேறு எண் கொடுக்க வேண்டும்; எதைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது என்று குறியேற்றுபவர் தீர்ப்பளிக்கக் கூடாது. தகைவிலானின் வால் இவர்களுக்குச் சாட்சி. அதைவிட நல்ல சாட்சி, கார்டினர் ஜி1, ஜி4 என்று எண்ணிட்ட இரண்டு கழுகினப் பறவைகள். முதலாவது ஓர் உயிரடைப்பொலி. இரண்டாவது வேறு ஒலித்தொடர். பல கல்வெட்டுகளில் இரண்டையும் தலையின் வளைவைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். சில இடங்களில் அதுவும் உதவாது, சூழலைக் கொண்டுதான் படிக்க வேண்டும். கண்ணால் பிரியாததைக் கருத்தால் பிரிக்கிறோம் என்றால், வடிவமே குறி என்ற கொள்கை அங்கேயே தளர்ந்துவிடுகிறது. அதன் சாட்சியே அதற்கு எதிராகவும் பேசுகிறது. போதாததற்கு, இந்தக் கொள்கையை முழுதாகப் பின்பற்றினால் பட்டியலுக்கு முடிவே கிடையாது.

பணியே குறி என்பவர்கள் இரண்டாவது. ஒரே ஒலியையும் ஒரே வேலையையும் தாங்குபவை ஒரே குறி, மற்றதெல்லாம் எழுத்துரு. இது மொழியியலாளருக்குப் பிடித்த விடை. ஆனால் காடைக் குஞ்சும் (ஜி43) ஒரு சுருள் கோடும் (இசட்7) ஒரே ‘வ்’ ஒலிக்கு நிற்கின்றன. சுருள், வேக எழுத்தில் காடைக் குஞ்சைச் சுருக்கி எழுதியதிலிருந்து பிறந்து, பிறகு கல்லுக்கு ஏறியது. பிறப்பும் ஒன்று, பணியும் ஒன்று. இருந்தும் இவை ஒரே குறி என்று சொல்லத் துணிபவர் மிகச் சிலரே. குறிகளின் பணி காலத்துக்குக் காலம் மாறுவதும் இந்த முகாமுக்குச் சங்கடம். தாலமி காலத்தில் பழைய குறிகள் முன்பில்லாத ஒலிகளை ஏற்றன. பணியை வைத்து எண் கொடுத்தால் எந்தக் காலத்துப் பணி?

இரண்டு முகாம்களையும் திணறவைக்கும் சான்று ஒன்று பிரமிடுகளுக்குள் இருக்கிறது. ஐந்தாம் வம்ச இறுதியில் ஊனாஸ் மன்னரின் பிரமிடில் தொடங்கும் வாசகங்களில் மனித, விலங்கு உருவங்களைச் சில இடங்களில் தவிர்த்தார்கள் அல்லது வெட்டிக் குறைத்தார்கள். நடு அரசுக் காலத்தின் பிற்பகுதியில் இந்த வழக்கம் வேறு உருவில் தலைகாட்டியது: காலில்லாத பறவைகள், வால் துண்டித்த பாம்புகள். புதைகுழிக்குள் அடங்கிய உயிர்கள் இறந்தவருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற அச்சமே காரணம் என்பது பெரும்பாலோரின் விளக்கம். வால் அறுந்த கொம்பு விரியன் முழு விரியனின் அதே ‘ஃப்’ ஒலியைத்தான் தருகிறது. பணி ஒன்று; வடிவம் வேறு; வேறுபாடோ தற்செயலானதல்ல, பயம் கலந்த தீர்மானம். அதை எழுத்துரு வேறுபாடு என்று தள்ளினால் ஒரு சமூகம் மரணத்தை எப்படி நினைத்தது என்பதற்கான தடயம் போய்விடும். தனிக் குறி என்று கொண்டால் ‘ஃப்’ என்று தேடுபவருக்கு அது கிடைக்காது.

மூன்றாவது வழியை லியேஜும் பெர்லினும் இணைந்து உருவாக்கிவரும் தோத் குறிப்பட்டியல் காட்டியது. குறி, அதன் வடிவ வேறுபாடு, அது ஆற்றும் பணி ஆகியவற்றை ஒன்றாகக் குழைக்காமல் தனித்தனி அடுக்குகளாக வைப்பது. ஒவ்வொன்றுக்கும் எங்கே காணப்படுகிறது என்ற சான்றை இணைப்பது. ஒருங்குறியின் 2024 விரிவாக்கமும் இந்தப் போக்கின் சாயலைக் கொண்டிருக்கிறது. அதோடு யூனிகெமெட் என்ற தரவுக்கோப்பும் வந்தது. (எகிப்தியர் தம் நாட்டைக் கெமெட், அதாவது கரிசல் நிலம் என்றே அழைத்தார்கள்.) ஒவ்வொரு குறிக்கும் விவரிப்பு, பணி, ஒலி, பழைய பட்டியல்களில் அதன் எண் ஆகியவற்றை அது தருகிறது. எல்லாவற்றையும்விட, எது கருக்குறி, எது பழைய பட்டியலின் எச்சமாக மட்டும் இருப்பது என்றும் பிரித்துச் சொல்கிறது. எடுக்க முடியாத குறியை எடுக்காமலே ஒதுக்கிவைக்கும் உபாயம் இது. சற்றுத் தாமதமாக வந்தது என்பதைத் தவிர இதில் குறை காண்பது கடினம்.

பிற எழுத்துகளின் அனுபவம் சுருக்கமாக ஒப்பிடத்தக்கது. 2006இல் ஒருங்குறிக்குள் வந்த ஆப்பெழுத்து, மெசொப்பொத்தேமியாவின் நெடுங்கால வடிவ மாற்றங்களை ஒரே எண்ணில் அடக்கி, வேறுபாட்டை எழுத்துருவிடம் ஒப்படைத்தது. 2015இல் வந்த அனடோலியச் சித்திர எழுத்துக்கு 583 குறிகள் போதுமாயின. மாயா எழுத்துக்கோ குறிகள் ஒன்றுக்குள் ஒன்று கரைவதால் வேலை இன்னும் முடியவில்லை.

பாப்பிரஸில் இருப்பது வேறு

மேற்சொன்ன விவாதங்கள் எல்லாம் கல்லைப் பற்றியவை. எகிப்தியர் அன்றாடம் எழுதியது கல்லில் அல்ல. பாப்பிரஸிலும் ஓட்டுச்சில்லிலும், நாணல் தூரிகையால், ஹைரேட்டிக் என்ற வேக எழுத்தில். சினுஹேயின் கதையும் கடிதங்களும் கணக்குகளும் மருத்துவக் குறிப்புகளும் அதில்தான் உள்ளன. அறிஞர்கள் அவற்றைச் சித்திர எழுத்துக்கு மாற்றி எழுதிப் பதிப்பிப்பது நூறாண்டு கடந்த வழக்கம். ஒருங்குறியும் ஹைரேட்டிக்கைச் சித்திர எழுத்தின் வேறொரு தோற்றமாகவே கருதுகிறது.

இதன் பொருள் என்னவென்றால், ஒரு பாப்பிரஸ் வாசகத்தைக் குறியேற்றும்போது நாம் குறியேற்றுவது எழுதியவர் எழுதியதை அல்ல. இருபதாம் நூற்றாண்டு அறிஞர் ஒருவர் அதை எப்படிப் படித்தார் என்பதை. வேக எழுத்தில் ஒரே கீற்றாகத் தேய்ந்த இரண்டு பறவைகளைச் சித்திர எழுத்தில் எழுதும்போது ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். மூலத்தில் இல்லாத தெளிவு பதிப்பில் வந்துவிடுகிறது. கியோர்க் மொல்லர் 1909 முதல் வெளியிட்ட ஹைரேட்டிக் எழுத்தியல் தொகுதிகளின் வேலையைக் கணினிக் காலத்தில் விரிக்கும் திட்டமொன்று மைன்ஸ் நகரில் 2015 முதல் நடக்கிறது. அதன் முடிவுகள் முழுமையாக வந்த பிறகே ஹைரேட்டிக் ஒரு தோற்றமா, தனி எழுத்தா என்பதை மீண்டும் பேச முடியும்.

படமே போதுமா

குறியேற்றமே தேவையில்லை, நல்ல படமும் படம் படிக்கும் இயந்திரமும் போதும் என்ற குரலும் கேட்கிறது. 2020இல் கூகுள் ஃபாப்ரிசியஸ் என்ற கருவியை வெளியிட்டபோது இக்குரல் சற்று உரத்தது. குறியின் நிறம், கீறலின் ஆழம், பக்கத்திலிருக்கும் சிற்பத்தோடு அது கொள்ளும் உறவு ஆகியவை குறியேற்றத்தில் தொலைந்துபோகின்றன என்பது உண்மை. எகிப்திய எழுத்தில் நிறம் அலங்காரம் மட்டுமல்ல. பல குறிகளுக்கு வழக்கமான வண்ணங்கள் இருந்தன. ஆனால் படத்தைப் படிக்கும் இயந்திரத்துக்கும் ‘இது இந்தக் குறி’ என்று யாரோ முன்பே கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். எந்தப் பட்டியல் என்ற கேள்வி பழையபடி வாசலில் வந்து நிற்கிறது.

எஞ்சி நிற்பவை

இதுவரையிலான முயற்சிகளை எடைபோட்டால் சிலவற்றை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். அடுக்கை எழுத்துக்குள் கொண்டுவந்த 2019இன் முடிவு சரியானது. 2009இன் சிறிய தொகுதி எச்சரிக்கையின் பெயரால் ஓர் அச்சுப் பெட்டியை எழுத்துமுறையாக நிலைநாட்டியது; அதன் விளைவுகளை நீக்க இனி வழியில்லை, விளக்கக் குறிப்புகளால் சுற்றி வளைக்கத்தான் முடியும். 2024இன் பெருவிரிவு அளவால் அல்ல, கூடவே வந்த தரவுக்கோப்பால் முக்கியமானது.

குறி, வடிவம், பணி மூன்றையும் ஒரே எண் சொல்லிவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பைக் கைவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. வால் அறுந்த விரியனுக்கும் முழு விரியனுக்கும் இடையே என்ன உறவு என்பதை எண் சொல்லாது. எண்ணோடு இணைந்த விவரம்தான் சொல்லும். அப்படியானால் இனிச் சேரும் ஒவ்வொரு குறியும் கல்லிலோ பாப்பிரஸிலோ தன் முகவரியைக் காட்டிய பிறகே உள்ளே வர வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றில் எத்தனைக்கு அப்படிப்பட்ட முகவரி உண்டு என்ற கணக்கு இன்னும் முடியவில்லை. முடியும்போது பட்டியல் வளரும் என்பதைவிடச் சுருங்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தாலமி காலக் கோயில்களில் பதிப்பிக்கப்படாத சுவர்கள் மிச்சமிருப்பதைச் சுட்டி அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இப்போதைக்கு இரு தரப்புக்கும் இடமுண்டு.

ஷாம்போலியோனுக்குத் திறவுகோல் தந்த ரொசெட்டாக் கல்லில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. அடியிலுள்ள கிரேக்கம் ஒருங்குறியில் தொடக்கம் முதலே உண்டு. உச்சியில் உடைந்து எஞ்சிய 14 வரிச் சித்திர எழுத்தை இன்று அடுக்கோடும் சிதைவோடும் எழுதிவிடலாம். நடுவே 32 வரிகளில் இருக்கும் டெமோட்டிக் என்ற பிற்கால வேக எழுத்துக்கு 16ஆம் பதிப்பு வரை ஓர் எண்கூட ஒதுக்கப்படவில்லை.